மலைக்கு முப்பது, கடலோரத்துக்குத் தூறல்

ஸ்டோன்பரோ, மாஸசூசெட்ஸ்
பிப்ரவரி மாதம், புதன்கிழமை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் கிளெமென்ட் ஃபோர்னியர் அவர்களுக்கு, ஸ்டோன்பரோ ஹார்டுவேர் கடை அர்மாண்ட் டுஃப்ரேன் பணிவோடு எழுதிக்கொள்வது. இவ்விடம் பனி இரண்டு அங்குலம். அவ்விடம் முப்பத்தொன்று என்று அறிந்தோம். அறியாமல் இருக்க வழியில்லை. நேற்றுப் போனில் பேசியபோது அந்த எண்ணை நீங்கள் பேச்சுக்குப் பேச்சு சொன்னீர்கள். அதனால்தான் போனை வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தேன். காகிதம் குறுக்கே பேசாது. கடிதத்தை மருமகன் ட்ராவிஸ் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவன் மின்கம்பி வேலை முடிந்து இப்போதுதான் வந்தான், அடுப்படியில் உட்கார்ந்து உங்கள் தங்கை வைத்த பட்டாணி சூப்பைக் குடித்துக்கொண்டிருக்கிறான். பெற்ற பிள்ளையின் முகத்தை இன்னும் பார்க்காதவன், சீக்கிரம் குடிப்பான். அதற்குள் முடிக்க வேண்டும்.

மச்சான், நான் வியாபாரி. ஒருத்தன் வந்து இந்தப் பெயிண்ட் பத்து வருஷத்துக்கு உரியாது என்று சொன்னால், முதலில் அவன் வீட்டுச் சுவரைப் போய்ப் பார்க்கிறவன். ஒரு பெட்டி ஆணி வாங்குவதற்கும் மூன்று மொத்த வியாபாரிகளிடம் விசாரிக்காமல் வாங்கியது கிடையாது. அப்படிப்பட்டவன் போன வாரம் எப்படிப் போய் விழுந்தான் என்பதை நீங்கள் உங்கள் ஊர் பிளம் கோவ் முழுக்கச் சொல்லிச் சிரிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். சரக்கு என்னுடையது, நானே விற்றுக்கொள்கிறேன்.

புயல் வருகிறது என்று தெரிந்ததும், பனிப் பைத்தியங்கள் இணையத்தில் கூடுகிற நம் பனிச் சங்கத்தில் கணிப்பு அறையைத் திறந்தார்களே, அன்றைக்கு ஆரம்பித்தது. கணினிக் கணிப்புகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. நான்கு கணினிகள் ஒரே குரலில் சொல்லின: புயல் கடலுக்குள் தள்ளிப் போகும், கடலோரத்தைப் பனி மூடும், மலைப்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஐந்தாவது ஒன்று மட்டும், புயல் கரையை உரசிக்கொண்டு போகும், கடலோரத்துக்கு வெறும் மழை, மலைக்கு முப்பது அங்குலம் என்றது. அந்த ஐந்தாவது யார் தெரியுமல்லவா? போன குளிர்காலம் முழுக்கச் சங்கத்தில் எல்லோரும் 'குடிகாரன்' என்று கூப்பிட்டுக் கேலி செய்த கணினி. அந்தப் பெயரை வைத்தவனே நான்தான். ஆனால் அவன் வாயிலிருந்து 'ஸ்டோன்பரோவுக்கு முப்பது' என்று வந்ததும், மச்சான், எனக்கு அவன் மகானாகத் தெரிந்தான். மற்ற நான்கு பேருக்கும் கண் சரியில்லை என்று தோன்றியது. 'மலைக்கு முப்பது, கடலோரத்துக்குத் தூறல்' என்று என் பெயரைப் போட்டுக் கணிப்பு அறையில் எழுதிவிட்டேன். ஆசையைக் கணிப்பாக எழுதாதே என்பது சங்கத்தின் முதல் விதி. புதிதாகச் சேருகிறவர்களை உட்கார வைத்து அந்த விதியை விளக்குகிற பொறுப்பு யாரிடம் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எழுதியதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. ட்ராவிஸை மேய்ன் மாநிலத்துக்கு மின்கம்பி கட்டும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். மகள் ஜோசெட் நிறைமாதமாக இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். எங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக மலையை இறங்க வேண்டும், முப்பது அங்குலம் விழுந்தால் ஆடுகூட இறங்காது. உங்கள் வீட்டிலிருந்தோ ஆஸ்பத்திரியின் கூரை தெரியும். ஆகவே பெண்ணைக் கடலோரத்துக்கு மாற்றிவிடுவது என்று தீர்மானித்தேன். என் கணிப்பு சரியாக இருந்திருந்தால் இதைவிடப் பொறுப்பான அப்பா இந்த மாநிலத்தில் கிடையாது. உங்கள் தங்கை டெல்ஃபின் என்ன சொன்னாள் என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவளே எழுதுவாள். "நாலு பேரு கடலோரம்ங்கிறான், ஒருத்தன் மலைங்கிறான். கடைக்கு ஆணி வாங்கறப்ப இப்படித்தான் வாங்குவீங்களா?" என்று கேட்டாள். ஆணியைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்தேன். ஜோசெட் அதைவிட நேராக வந்தாள். "அப்பா, உங்களுக்கு இங்க பனி கொட்டணும்னு ஆசை. அதுக்கு நான் எதுக்குக் கிளெம் மாமா வீட்டுக்குப் போகணும்?" என்றாள். வயிற்றில் இருப்பவளுக்காகப் பேசினாளோ என்னவோ, அத்தனை தெளிவு. ஆனாலும் ஆஸ்பத்திரி பக்கம் என்பதால் கிளம்பினாள். நான் பெட்டி கட்டிக் கொடுத்தேன். என்ன வைத்தேன் தெரியுமா? குடை ஒன்று, ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி, மழைக்கோட்டு. கடையில் பனிவாரி நூறு தொங்குகிறது, ஒன்றையும் வைக்கவில்லை. தூறலை எதற்கு வார வேண்டும்? டெல்ஃபின் கூடவே போகிறேன் என்றாள். புயலுக்கு முன்னால் கடையில் கூட்டம் தாங்காது, கல்லாவில் ஆள் வேண்டும் என்று அவளையும் நிறுத்திவைத்தேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இலையுதிர் காலத்தில் நீங்கள் கடைக்கு வந்து, பனியைத் தூக்கி வீசுகிற இயந்திரம் ஒன்று எனக்கும் வேண்டும் மாப்பிள்ளை என்று கேட்டீர்கள். நான்கு வாடிக்கையாளர்கள் முன்னால் நான் சிரித்தேன். உங்களுக்குக் குடை விற்பேன், இயந்திரம் விற்றால் என் மனசாட்சி உறுத்தும் என்றேன். வந்த வாடிக்கையாளரைச் சிரித்துத் திருப்பி அனுப்பியது என் வியாபார வாழ்க்கையில் அது ஒரு தடவைதான், அதுவும் சொந்த மச்சானை. அதனால் புயல் அன்று உங்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம், பிடி உடைந்து நாடா சுற்றிய அந்தப் பழைய பனிவாரி.

சனிக்கிழமை விடிந்ததும் கொல்லையில், பனி விழுந்தால் அளக்கிற அளவுப் பலகையைச் சாமி பீடம் மாதிரி துடைத்து வைத்தேன். இரண்டு அங்குலம் விழுந்தது. அதுவும் ஏதோ என் மேல் பரிதாபப்பட்டு விழுந்த மாதிரி. பிறகு வெயில் வந்தது. சாதாரண வெயில் இல்லை மச்சான், கண் கூசுகிற வெயில். கூரை மேல் ஏறிப் பார்த்தால் கிழக்கே சாம்பல் நிறச் சுவர் மாதிரி மேகம் நிற்கிறது. புயல் அங்கே, உங்கள் தலைமேல். என் தலைமேல் நீலம். நான் எழுதிய கணிப்பை நம்பி ஊரே பனிவாரி வாங்கியிருந்தது. பத்து மணிக்கெல்லாம் திருப்பிக் கொடுக்க வரிசை கட்டிவிட்டார்கள், அட்டைகூடக் கிழிக்காமல். முன்னால் நின்ற கிழவி பெர்த்தா ஹாத்தவே, பனிவாரியை மேஜைமேல் வைத்து, "இத வச்சு வெயிலையா வாரச் சொல்றே அர்மாண்ட்?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற பாதிரியார் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கத்தான். அவர் கையிலும் ஒரு பனிவாரி இருந்தது.

இந்த நிலைமையில் சங்கத்தின் அளவு அறையைத் திறந்தால் கடலோரத்துக்காரர்களின் கொண்டாட்டம். மணிக்கு மூன்று அங்குலம் என்கிறான் ஒருத்தன். கதவு திறக்க வரவில்லை என்று சந்தோஷமாக எழுதுகிறான் இன்னொருத்தன். நீங்கள், மச்சான், பனியோடு இடி இடித்தது என்று எழுதினீர்கள். பனியில் இடி! நாற்பது வருஷமாகக் காத்திருக்கிறேன், என் காதில் ஒரு தடவை விழுந்ததில்லை. என் மகளுக்குக் கேட்டதாம், அவளுக்கு அதில் அக்கறையே கிடையாது. நான் பொறுக்க முடியாமல் புலம்பல் அறைக்குப் போனேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை, கணிப்பில் கணிப்பு, அளவில் அளவு, அழுகை முழுக்கப் புலம்பலில் என்று வினிஃப்ரெட் அம்மாள் போட்ட ஒழுங்கு தெரியுமே. நூலகத்தில் முப்பது வருஷம் வாயில் விரலை வைத்தே காலம் தள்ளிய அம்மாள், ஓய்வு பெற்ற பிறகு நம்மை மேய்க்கிறாள். புலம்பல் அறையில் அன்று காலை நான் எழுதியதை இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. நெஞ்சு வலிக்கிறது என்று எழுதினேன். என்னைப் புதைத்துவிடுங்கள், ஆனால் புதைக்கிற அளவுக்காவது பனி வேண்டாமா என்று எழுதினேன். வெயிலைப் படம் எடுத்துப் போட்டேன்.

அந்த நேரத்தில்தான் டெல்ஃபின் போனைக் காதில் வைத்தபடியே கடைக்குள் வந்து நின்றாள். ஜோசெட்டுக்கு வலி எடுத்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு முப்பது அங்குலம் மறந்துபோனது. அவசர உதவிக்குச் சொல்லிவிட்டார்கள், ஆனால் மேட்டுச் சாலையின் அடியில் ஒரு லாரி குறுக்கே சிக்கி நிற்கிறது, ஆம்புலன்ஸ் அதற்குப் பின்னால் நிற்கிறது, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்கிறார்கள். நெடுஞ்சாலையை அரசாங்கம் மூடிவிட்டது, நாங்களும் வர முடியாது. நீங்கள் அறுபத்தாறு வயசு முதுகோடு, உடைந்த பனிவாரியோடு, வாசலிலிருந்து காரை எடுக்க வழி வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வெட்ட வெட்ட மேலே கொட்டுகிறது. ஆஸ்பத்திரிக் கூரை மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கும். கடைக்குள் திரும்பி வந்த பனிவாரி மலை மாதிரி குவிந்து கிடக்கிறது, இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன, வெளியே வெயில். அத்தனைக்கும் நடுவில் நான் நின்றேன்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அளவு அறைக்குப் போய், என் மகளுக்குப் பிளம் கோவ் ஊரில் பிரசவ வலி, வழி அடைத்துக் கிடக்கிறது, பக்கத்தில் பனி தள்ளும் லாரி யாரிடமாவது இருந்தால் வாருங்கள் என்று எழுதி, தெருப் பெயரையும் என் போன் நம்பரையும் போட்டேன். ஒரு நிமிஷத்தில் அதைக் காணோம். வினிஃப்ரெட் அம்மாள் எடுத்துப் புலம்பல் அறையில் போட்டுவிட்டாள். கூடவே ஒரு குறிப்பு: அளவு இல்லாத பதிவு அளவு அறையில் நிற்காது. அந்த அம்மாள் மேல் தப்பில்லை, காலையிலிருந்து என்னை அப்படித்தான் இழுத்துக்கொண்டுபோய் அங்கே விட்டுக்கொண்டிருந்தாள், பழக்கத்தில் படிக்காமலே தள்ளியிருப்பாள். நான் மறுபடி எழுதினேன், விதிப்படி அளவையும் சேர்த்து: "ஸ்டோன்பரோ, இரண்டு அங்குலம். மகளுக்குப் பிரசவ வலி." கீழே ஒருத்தன், "காலைல நெஞ்சு வலின்னாரு, இப்ப மகளையும் இழுத்தாச்சா" என்று எழுதினான். இன்னொருத்தன், அடுத்து பேத்திக்கு வலி வரும் பாருங்கள் என்றான். ஒருத்தரும் நம்பவில்லை மச்சான். நான் அவர்களுடைய இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

போன் அடித்தது. மனு மெடெய்ரோஸ் என்று ஒரு பையன், உங்கள் ஊர்த் தெருக்களில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன், அதற்கு முன்னால் அவன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. சங்கத்தில் எதுவும் எழுத மாட்டானாம், படிப்பதோடு சரி. அதிலும் அளவு அறையையோ கணிப்பு அறையையோ அல்ல, லாரியை ஓரம் கட்டிக் காபி குடிக்கும்போது புலம்பல் அறையைப் படித்துச் சிரிப்பானாம்.

"சார், வெயில்ல உக்காந்து அழுவுற மலைக்காரரு நீங்கதானே?" என்றான்.

நான்தான் என்றேன்.

"நெசமாவே பொண்ணுக்கு வலியா, இல்ல காலைல வந்த நெஞ்சு வலி மாதிரியா?"

"நெசம்தான் தம்பி. எனக்கு இருக்கறது அவ ஒருத்திதான்."

அதற்கப்புறம் அவன் சிரிக்கவில்லை. வீட்டு அடையாளம் கேட்டான். வாசலில் படகைக் கவிழ்த்து வைத்திருக்கும் என்றேன். இங்கே எல்லார் வாசலிலும் படகுதான் சார், இப்போது எதுவும் தெரியவில்லை, வீட்டு நம்பர், தபால் பெட்டி, வேலி எல்லாம் ஒரே வெள்ளை மேடு, எதிரில் நிற்கிற ஆளே நிழல் மாதிரி இருக்கிறான் என்றான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி ஆகப்போகிறது. அப்போது எனக்கு வந்த நம்பிக்கை மாதிரி எந்தக் கணினி மேலும் எனக்கு வந்ததில்லை. ஒரு மணி என்றால் அளவு எடுக்கிற நேரம். பூமி பிளந்தாலும், கூரை பறந்தாலும், கூடத்தில் மருமகள் வலியில் துடித்தாலும், என் மச்சான் கிளெமென்ட் ஃபோர்னியர் ஒரு மணிக்குப் பலகையை அளக்க வெளியே வந்தே தீருவார்.

"தம்பி, ஒரு வீட்டு முன்னால ஆரஞ்சு கலர் குல்லா போட்ட கிழவர் ஒருத்தர் கையில அளவுகோலோட குனிஞ்சு நிப்பாரு. அந்த வீடு" என்றேன்.

லாரி தெருவில் மெல்ல நகருகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவன், "அடப்பாவி, நிக்கிறாரு சார்" என்றான்.

மீதியை ஜோசெட் என்னிடம் சொன்னாள், நீங்கள் சொன்னதில் கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது. லாரி வாசலில் நின்றதும் அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அந்தக் குச்சியக் கீழ போட்டுட்டு வந்து கார எடுங்க" என்றாளாம். நீங்கள், "ஒரே நிமிஷம்மா, பலகைய வழிச்சு விட்டுடறேன்" என்றீர்களாம். அவள் அப்போது சொன்னதை நான் எழுதக் கூடாது, அவளைப் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்திருக்கிறேன். ஆனால் மச்சான், உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நீங்கள் அந்த நேரத்தில் அறிவோடு வீட்டுக்குள் இருந்திருந்தால் மனு அந்தத் தெருவில் இன்னும் தேடிக்கொண்டிருப்பான். லாரி முன்னால், உங்கள் கார் பின்னால், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வழி வெட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, இன்னும் ஆறு தெரு பாக்கி என்று அவன் கிளம்பிப் போனானாம். குழந்தை ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் குழந்தையின் நீளத்தைக் கேட்டு, நான் அளவு அறையில் ஒரே வரி எழுதினேன்: "பிளம் கோவ் ஆஸ்பத்திரி, பத்தொன்பதரை அங்குலம், பெண்." எழுதிவிட்டு, இதையும் தூக்கிப் போடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வினிஃப்ரெட் அம்மாளிடமிருந்து குறிப்பு வந்தது: "அளவு இருக்கிறது. பதிவு நிற்கும்." அதற்குக் கீழே, தன் கைப்பிழைக்கு வருந்துவதாகவும் ஒரு வரி. காலையில் என்னைக் கேலி செய்தவன் ஒவ்வொருத்தனும் வந்து வாழ்த்தினான். நான் கடையின் பின்கட்டில், உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். அதை எந்த அறையிலும் போடவில்லை.

குழந்தைக்கு மனுவேலா என்று பெயர் வைக்கப்போவதாக ஜோசெட் சொல்கிறாள். என் அம்மா பெயரை வைக்கலாம் என்று வருஷக்கணக்காக நினைத்திருந்தேன். பேச எனக்கு என்ன தகுதி? என் அம்மா பனி தள்ளவில்லை. மனுவின் லாரிக்குக் கீழ்விளிம்புத் தகடு தேய்ந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன், கடையில் இருப்பதிலேயே உறுதியானதை ட்ராவிஸிடம் கொடுத்து அனுப்புகிறேன். உங்களுக்கு நீங்கள் கேட்ட இயந்திரமும் அதே வண்டியில் வருகிறது. நான்கு வாடிக்கையாளர்கள் முன்னால்தான் ஏற்றினேன்.

உங்கள் முப்பத்தொன்றைப் பற்றி ஒரு சின்னச் சந்தேகம், தப்பாக நினைக்கக் கூடாது. கடைசி அளவு எடுக்கிற மாலை ஏழு மணிக்கு நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள், அந்த அளவை எடுத்தது பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கு அளவுகோலில் எந்தப் பக்கம் அங்குலம் என்று தெரியுமா? தவிர, மனு லாரியைத் திருப்பும்போது ஒரு குவியல் பனி உங்கள் பலகை பக்கம் சரிந்ததாக அவனே சொன்னான். என் கணக்கில் இருபத்தொன்பது. நான் சங்கத்தில் எழுதவில்லை. எழுதியிருந்தேன், டெல்ஃபின் பார்த்த பார்வையில் அழித்துவிட்டேன்.

ஆகவே மச்சான், இத்தோடு விட்டேன். சங்கத்திலிருந்து விலகுகிறேன் என்று வினிஃப்ரெட் அம்மாளுக்குச் சொல்லியாகிவிட்டது. அளவுப் பலகையைக் கடைக்குள் கொண்டுவந்து அதன்மேல் பெயிண்ட் டப்பா அடுக்கியிருக்கிறேன். இனி மேகம் மேகம்தான், எனக்கும் அதற்கும் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்களும் ட்ராவிஸுமாகப் பெண்ணையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு ஸ்டோன்பரோ வந்து சேருங்கள். மாவுக்குள் பன்றி இறைச்சி வைத்துச் சுடுவதாக உங்கள் தங்கை சொல்கிறாள். வானத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், ஒரு தாத்தா கூப்பிடுகிறேன், அவ்வளவுதான்.

உங்கள் முதுகு சீக்கிரம் நிமிரட்டும். பேத்தி மனுவேலா கிழக்கும் மேற்கும் புகழ வளரட்டும், எந்தக் கணினி சொன்னதையும் நம்பாமல். உங்கள் வாசலில் வழி எப்போதும் திறந்திருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
அர்மாண்ட் டுஃப்ரேன்

பின்குறிப்பு: ஒன்றை மறைத்தேன் என்று பிற்பாடு சொல்லக் கூடாது. ஞாயிறு இரவு ஒரு புயல் இருக்கிறது. தற்செயலாகக் கண்ணில் பட்டது. இந்தத் தடவை கரையை உரசிக்கொண்டுதான் போகும், சந்தேகமே இல்லை, மலைக்கு முப்பது. மற்ற நான்கு கணினிகளும் நாளைக்குள் குடிகாரன் பக்கம் வந்துவிடும். நீங்கள் ஞாயிறு மத்தியானத்துக்குள் வந்துவிட்டால் வியாழன் வரைக்கும் யாரும் ஊரைவிட்டுப் போக முடியாது, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கலாம். இடிகூட இடிக்கும். டப்பாக்களை எடுத்துவிட்டுப் பலகையைக் கொல்லையில் வைத்துவிட்டேன்.

அண்ணா, டெல்ஃபின் எழுதுகிறேன். ட்ராவிஸ் கிண்ணத்தைக் கழுவும்போது இதைப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை பச்சைக் குழந்தையோடு மலை ஏறலாமா, பனி வருமா என்று எனக்கும் ஜோசெட்டுக்கும் பயமாக இருந்தது. இவர் மலைக்கு முப்பது என்று எழுதியிருக்கிறார். தைரியமாகக் கூட்டிக்கொண்டு வா. ஒன்றும் விழாது.